சமையல் மேஜையில் பிறந்த ஹெட்போன்

பஸ்சில் ஏறினால் பல பேர் காதில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்கலாம். ஒருவர் பாட்டுக் கேட்கிறார். ஒருவர் கிரிக்கெட் வர்ணனை கேட்கிறார். ஒரு மாணவி பாடம் கேட்கிறாள். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்பது இல்லை.

தலையில் மாட்டும் இந்தக் கருவிக்கு ஹெட்போன் என்று பெயர். இதை உலகம் மெச்சும்படி செய்து கொடுத்தவர் ஒரு அமெரிக்கர். அவர் பெயர் நதானியேல் பால்டுவின்.

அவர் இதைப் பெரிய தொழிற்சாலையில் செய்யவில்லை. ஆராய்ச்சிச் சாலையிலும் செய்யவில்லை. தம் வீட்டுச் சமையல் அறையில் செய்தார்!

அந்தக் கருவி அவரைப் பெரும் பணக்காரர் ஆக்கியது. பிறகு அந்தப் பணம் எல்லாம் போய்விட்டது. அவர் சிறைக்கும் போனார்.

உலகத்துக்குக் காது கொடுத்தவரின் கதை இது.

மலை நாட்டுப் பையன்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலையும் பாலைவனமும் நிறைந்த பூமி. அங்கே பில்மோர் என்ற சிற்றூரில் 1878-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பால்டுவின் பிறந்தார்.

அந்த மாநிலத்தில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பால்டுவின் குடும்பமும் அந்தப் பிரிவைச் சேர்ந்ததுதான்.

பால்டுவினுக்குப் படிப்பில் ஆசை அதிகம். உள்ளூர்க் கல்லூரிகளில் படித்தார். பிறகு கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், மின்சாரப் பொறியியல் கற்றார். ஊர் திரும்பி, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். பௌதிகமும் சமயப் பாடமும் கற்பித்தார்.

விஞ்ஞானம் ஒரு கையில், வேதம் ஒரு கையில் என்று வாழ்ந்தார்.

வேலை போயிற்று

ஆனால் அந்த வேலை நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய ஒரு நம்பிக்கை.

மார்மன் பிரிவில் ஒருவர் பல மனைவியரை மணக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அரசாங்கம் அதைச் சட்டப்படி தடுத்தது. 1890-ம் ஆண்டில் சபையும் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

சபையில் சிலர் இதை ஏற்கவில்லை. பழைய வழக்கமே சரி என்று பிடிவாதமாக இருந்தார்கள். பால்டுவின் அவர்கள் பக்கம் சாய்ந்தார். தம் கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்தார். ஆகவே ஆசிரியர் வேலை போயிற்று.

பிறகு அவர் ஒரு மின்சார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் பிழைப்புக்கு வேலை. ஓய்வு நேரத்தில் வீட்டில் ஆராய்ச்சி.

பிரசங்கம் காதில் விழவில்லை

அவருக்கு அந்த ஆராய்ச்சியில் எப்படி ஆசை வந்தது?

யூட்டாவின் தலைநகர் சால்ட் லேக் நகரம். அங்கே மார்மன் சபைக்கு மிகப் பெரிய பிரார்த்தனை மண்டபம் இருக்கிறது. பல ஆயிரம் பேர் உட்காரலாம். அந்தக் காலத்தில் மைக் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. பேசுகிறவர் தொண்டையை நம்பித்தான் பேச வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

பால்டுவினுக்கும் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை. சின்ன ஒலியைப் பெரிதாகக் கேட்க வழி உண்டா என்று அவர் யோசித்தார். கோவிலில் தோன்றிய இந்த யோசனைதான் ஹெட்போனில் போய் முடிந்தது.

பழைய கருவியின் குறை

அப்போது டெலிபோன் வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அதன் உள்ளே ஒரு காந்தமும், அதன் எதிரே மெல்லிய இரும்புத் தகடும் இருக்கும். மின்சாரம் வந்தால் காந்தத்தின் இழுப்பு கூடும், குறையும். அதற்கு ஏற்பத் தகடு ஆடும். தகடு ஆடினால் ஒலி கேட்கும்.

இதில் ஒரு குறை இருந்தது. காந்தம் எப்போதும் தகட்டை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு இருக்கும். தகடு விறைப்பாக இருந்தால்தான் அந்த இழுப்பைத் தாங்கும். விறைப்பான தகடோ சின்ன மின்சாரத்துக்கு அசையாது. அதனால் மெல்லிய ஒலி கேட்காது.

பால்டுவின் இதை வேறு விதமாகச் செய்தார்.

கடையில் உள்ள தராசைப் பாருங்கள். இரண்டு தட்டிலும் சம எடை இருந்தால் முள் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தாலும் முள் சாய்ந்துவிடும்.

அதே போல, ஒரு சிறு இரும்புத் துண்டைக் காந்த முனைகளுக்கு நடுவில் அவர் நிறுத்தினார். இரு பக்கமும் சமமான இழுப்பு. ஆகவே இரும்பு நடுவில் நிற்கும். மிகச் சிறிய மின்சாரம் வந்தாலும் ஒரு பக்கம் சாயும்.

அந்த இரும்பை ஒரு மெல்லிய கம்பியால் ஒரு தகட்டுடன் இணைத்தார். அது இரும்புத் தகடு அல்ல. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காத் தகடு. கனமே இல்லாதது. இரும்பு அசைந்தால் அதுவும் அசையும்.

இந்தத் தராசு முறையை அவருக்கு முன்பே சிலர் எண்ணிப் பார்த்தது உண்டு. அதை நன்றாக வேலை செய்யும் கருவியாக்கி, இரண்டு காதுக்கும் பொருத்திக் கொடுத்த பெருமை பால்டுவினைச் சேர்ந்தது.

ஊதா மையில் ஒரு கடிதம்

கருவி தயார். வாங்குவது யார்?

பணம் போட்டுத் தொழில் நடத்தும்படி சிலரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் அமெரிக்கக் கடற்படைக்கு எழுதினார். அது 1910-ம் ஆண்டு.

அந்தக் கடிதம் வேடிக்கையானது. காகிதம் நீலமும் இளஞ்சிவப்புமாக இருந்தது. எழுதியிருந்தது ஊதா மையில்! அதோடு ஒரு கருவியையும் சோதித்துப் பார்க்க அனுப்பினார்.

கடற்படை அதிகாரிகளுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் சோதித்துப் பார்த்தார்கள். ஆச்சரியம் அடைந்தார்கள். அதுவரை அவர்கள் வைத்திருந்த கருவிகளை விட இதில் பல மடங்கு தெளிவாகக் கேட்டது.

கடற்படைக்கு இது ஏன் முக்கியம்?

அப்போதுதான் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி வந்திருந்தது. தூரத்துக் கப்பலில் இருந்து செய்தி வரும். குரலாக வராது, 'டக் டக்' என்று புள்ளியும் கோடுமாக வரும். நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வருவதால் மிக மெல்லியதாக இருக்கும். கப்பலிலோ எந்திரத்தின் இரைச்சல், அலையின் இரைச்சல், காற்றின் இரைச்சல். இவற்றுக்கு நடுவே அந்த மெல்லிய ஒலியைப் பிடிக்க வேண்டும்.

ஒரு புள்ளி தவறினால் செய்தியே மாறிவிடும். சில சமயம் உயிரே போகும்.

1912-ம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன் அபாயக் குரலை, கார்ப்பேத்தியா என்ற கப்பலில் இருந்த தந்தி ஊழியர் நள்ளிரவில் காதுக் கருவி மூலம் கேட்டார். அது பால்டுவினின் கருவி அல்ல. ஆனால் அந்த ஒருவர் கேட்டதால்தான் கப்பல் விரைந்து போய் எழுநூறு பேருக்கு மேல் காப்பாற்றியது. ஒரு காது கேட்பதில் எத்தனை உயிர் இருக்கிறது என்பதை அன்று உலகம் கண்டுகொண்டது.

ஒரு தடவைக்குப் பத்து

கடற்படைக்குக் கருவி பிடித்துவிட்டது. ஆனால் தலையில் மாட்டும் பட்டை வசதியாக இல்லை. மணிக்கணக்கில் மாட்டினால் தலை வலித்தது. அதைச் சரி செய்யும்படி சொன்னார்கள்.

பால்டுவின் சீக்கிரமே வேறு பட்டை செய்து அனுப்பினார். இரண்டு கம்பிகள், அவற்றின் மேல் தோல் உறை. காதுக் கிண்ணத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். யாருடைய தலைக்கும் பொருந்தும். இன்று நாம் வாங்கும் ஹெட்போனிலும் இதே முறைதான் இருக்கிறது.

நிறையக் கருவிகள் வேண்டும் என்று கடற்படை கேட்டது. ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய முடியாது என்று பால்டுவின் பதில் எழுதினார். எல்லாவற்றையும் சமையல் அறையிலேயே செய்வதாகவும் சொன்னார். அதைப் படித்த அதிகாரிகள் திகைத்துப் போனார்கள்.

காதுக் கருவிக்கு அவர் பேடண்டு உரிமை வாங்கினார். தலைப் பட்டைக்கு மட்டும் வாங்கவில்லை. இது என்ன, அற்ப விஷயம் என்று விட்டுவிட்டார்.

கோடிக்கணக்கான தலைகளில் ஏறப் போகும் பட்டை அது. அதற்கு உரிமை வாங்காமல் போனார்! பின்னால் வந்த கஷ்டங்களுக்கு இதுவே ஒரு முன் அறிகுறி. கருவியின் நுட்பம் அவருக்குத் தெரிந்த அளவுக்குக் காசின் நுட்பம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த ரேடியோ

முதல் உலகப் போர் வந்தது. 1917-ம் ஆண்டு அமெரிக்காவும் போரில் குதித்தது. கடற்படைக்கு மேலும் மேலும் கருவிகள் தேவைப்பட்டன. சால்ட் லேக் நகரத்தின் அருகே பால்டுவின் தொழிற்சாலை கட்டினார்.

போர் முடிந்ததும் வேறு ஓர் அதிர்ஷ்டம் வந்தது. 1920-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, பிட்ஸ்பர்க் நகரத்து வானொலி நிலையம் ஒன்று ஜனாதிபதி தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன் பிறகு அமெரிக்கா எங்கும் ரேடியோ மோகம் பிடித்துக்கொண்டது.

அன்றைய சாதாரண ரேடியோவில் ஒலிபெருக்கி கிடையாது. ஒரு சிறு கல், ஒரு கம்பி, ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். மின்சாரமே வேண்டாம். வானத்தில் வரும் அலையின் பலத்திலேயே அது பாடும். ஆகவே காதில் கருவி மாட்டினால்தான் கேட்கும்.

வீட்டில் கருவி ஒன்று இருக்கும். கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஐந்து பேர் இருப்பார்கள். அதற்கும் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். ஹெட்போனைப் பெரிய கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கிண்ணத்தில் ஒலி மோதிக் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும்.

பால்டுவின் ஹெட்போனுக்குப் பெரிய கிராக்கி. தொழிற்சாலையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். சமையல் அறையில் திருகாணி முடுக்கியவர் பெரிய முதலாளி ஆனார்.

கேட்டவருக்கு எல்லாம் கொடுத்தார்

பணம் வந்ததும் பால்டுவின் ஆடம்பரத்தில் இறங்கவில்லை. ஆனால் கொடுக்கத் தொடங்கினார்.

தம்மைப் போலவே நம்பிக்கைக்காக வேலை இழந்தவர்களை அழைத்து வேலை கொடுத்தார். அவர்களில் சிலரை நிர்வாகத்திலும் சேர்த்தார். அவர்களுடைய காரியங்களுக்குப் பணம் கொடுத்தார். யாராவது ஒரு புதிய தொழில் என்று வந்தால், அதிலும் பணம் போட்டார்.

கருவிக்கு மூடி போடத் தெரிந்தவர், பணப் பெட்டிக்கு மூடி போடவில்லை.

வரவுக்கு மேல் செலவு போயிற்று. போட்ட பணம் திரும்பவில்லை. 1924-ம் ஆண்டு கம்பெனி முறிந்தது. அப்போது அவருக்கு வயது 45.

கஷ்டம் அதோடு நிற்கவில்லை. அவர் பெயரைக் காட்டி ஒரு முதலீட்டுக் கம்பெனி பங்குகளை விற்றது. அதில் மோசடி நடந்தது என்று வழக்கு வந்தது. தபால் மூலம் மோசடி செய்ததாகப் பால்டுவின் மீதும் குற்றம் சாட்டினார்கள். கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

1930-ம் ஆண்டு அவர் சிறைக்குப் போனார். வாஷிங்டன் மாநிலத்தில் மெக்நீல் தீவு என்ற இடத்தில் இருந்த சிறை. இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். கடலில் தத்தளித்த கப்பல்களுக்குக் காது கொடுத்தவர், கடல் சூழ்ந்த சிறையில் இருந்தார்.

வெளியே வந்த பிறகு பழைய செல்வம் திரும்பவே இல்லை. ரேடியோக்களில் ஒலிபெருக்கி வந்துவிட்டதால் வீடுகளில் ஹெட்போனுக்கும் மவுசு குறைந்திருந்தது. 1961-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி அவர் காலமானார். வயது 82.

மூடியதும் திறந்ததும்

அவர் காலத்துக்குள்ளேயே ஹெட்போனுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1958-ம் ஆண்டு ஜான் காஸ் என்ற அமெரிக்கர், இசை கேட்பதற்கு என்றே ஸ்டீரியோ ஹெட்போன் செய்தார். இடது காதில் ஒரு வாத்தியம், வலது காதில் ஒரு வாத்தியம் என்று பிரித்துக் கேட்க முடிந்தது.

பால்டுவினின் கருவிக்கும் காஸ் செய்த கருவிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் பின்பக்கம் மூடியவை.

பால்டுவின் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1968-ல் ஜெர்மனியில் சென்ஹைசர் என்ற கம்பெனி ஒரு புதுமை செய்தது. பின்பக்கத்தைத் திறந்தே விட்டது! காதில் படும் இடத்தில் மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த அந்த ஹெட்போன் உலகம் எங்கும் விற்றது.

மூடியது நல்லதா, திறந்தது நல்லதா? இன்றும் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது.

ஹெட்போனுக்குள் ஆடும் தகடு முன்பக்கமும் ஒலி எழுப்புகிறது. பின்பக்கமும் ஒலி எழுப்புகிறது. முன் ஒலி காதுக்குப் போகிறது. பின் ஒலியை என்ன செய்வது என்பதில்தான் வித்தியாசம்.

மூடிய கருவியில் பின் ஒலி கிண்ணத்துக்குள் அடைபடுகிறது. சுவரில் மோதித் திரும்புகிறது. காலிக் குடத்துக்குள் பேசினால் குரல் சற்று மாறிக் கேட்கிறது அல்லவா? அது போல ஒலியின் இயல்பு கொஞ்சம் மாறலாம். ஆனால் காதோடு நன்றாகப் பொருந்தினால் வெளிச் சத்தம் குறையும். உள்ளே பாடுவது வெளியே கேட்காது. முரசு, மத்தளம் போன்ற கனத்த ஒலி அழுத்தமாகக் கேட்கும்.

திறந்த கருவியில் பின் ஒலி துவாரங்கள் வழியாக வெளியே போய்விடுகிறது. மோதித் திரும்புவது குறைவு. ஆகவே ஒலி இயல்பாக இருக்கிறது. பாட்டு தலைக்குள் கேட்பது போல் இல்லாமல், எதிரே கச்சேரி நடப்பது போல் விரிந்து கேட்கிறது. காதிலும் புழுக்கம் இல்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும். தெருச் சத்தமும் உள்ளே வரும். கனத்த ஒலியின் அழுத்தமும் பெரும்பாலும் சற்றுக் குறைவு.

அமைதியான வீட்டில் உட்கார்ந்து இசையை அனுபவிக்கத் திறந்தது நல்லது. பஸ்சிலும் ரெயிலிலும் மூடியது நல்லது. ஒலிப்பதிவு நிலையத்தில் பாடுகிறவர்கள் மூடியதையே மாட்டிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் காதில் கேட்கும் வாத்திய ஒலி கசிந்து மைக்கில் பதிவாகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரோட்டைக் கடக்கும்போது எந்த ஹெட்போனையும் மாட்டக் கூடாது. மூடிய கருவி லாரியின் ஹாரனையும் மறைத்துவிடும்.

பால்டுவினின் கருவியை இன்றைய கருவிகளோடு வைத்துப் பார்த்தால், அதில் இசை முழுமையாகக் கேட்காது. கனத்த ஒலியும் குறைவு; மிக நுண்ணிய மேல் ஒலியும் குறைவு. ஆனால் அதை இசைக்காக அவர் செய்யவில்லை. இரைச்சலை விலக்கி, தூரத்தில் இருந்து வரும் ஒரு மெல்லிய செய்தியைப் பிடிக்கவே செய்தார். அதில் அவர் வெற்றி கண்டார்.

எது செய்தி, எது இரைச்சல் என்று பிரித்துக் காட்டும் கருவி செய்தவர் அவர். தம்மிடம் வந்தவர்களில் யார் பேச்சு செய்தி, யார் பேச்சு இரைச்சல் என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை.

போகாத சொத்து

தொழிற்சாலை போயிற்று. பணம் போயிற்று. ஆனால் அவர் சமையல் மேஜையில் செய்த வேலை போகவில்லை.

காந்தத்துக்கு நடுவில் தராசு முள் போல நிற்கும் அந்தச் சிறு இரும்பு இன்றும் வேலை செய்கிறது. அதே முறையில் அமைந்த மிகச் சிறிய கருவிகளைக் காது கேட்கும் மெஷின்களில் வைக்கிறார்கள். மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவிகளிலும் அந்த முறை இருக்கிறது.

பெரிய மண்டபத்தில் பிரசங்கம் காதில் விழவில்லையே என்று கவலைப்பட்டவர் பால்டுவின். இன்று எத்தனையோ வீடுகளில், காது மந்தமான பாட்டி அந்தச் சிறு மெஷினை மாட்டிக்கொண்டு, பேரன் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறாள்.